நீல டிக்குக்கு ஒரு பொட்டு

என் முகம் என்னுடையதுதான் என்று நிரூபிக்க நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. போலீஸ் ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ நிரூபிக்கவில்லை. கண்காணாத ஊரில் உட்கார்ந்திருக்கிற ஒரு கம்பெனிக்காரனிடம். போனில் நம் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நீல டிக் போடுவானே, அதற்காக.

கரியமாணிக்கத்தில் என் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. கல்யாண ஜாக்கெட் தைப்பது என் தொழில். வெறும் தையல் மட்டும் இல்லை. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்து, முதுகிலும் கையிலும் மயிலோ மாங்காயோ போடுகிற ஆரி வேலையும் செய்வேன். தைத்து முடித்ததைப் படம் எடுத்துப் போடுவதற்குப் போனில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் என்று எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் வரும். காலேஜ் ஆஸ்டலில் இருக்கும் என் மகளுக்குச் சாப்பாடும் படிப்பும் அந்தப் பக்கத்திலிருந்துதான் போகிறது. அது போனால் என் பிழைப்பு போயிற்று.

பக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் என் வீட்டுக்காரர். கரும்பு போட்ட மனுஷன், ஜாக்கெட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வெயில் தாழ்ந்து வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு, “கைய கொஞ்சம் தள்ளு, வேல மறையுது” என்று சொல்லிச் சொல்லி வீடியோ எடுப்பார். பழைய வீடியோக்களில் அந்தக் குரல் இருக்கிறது. கொண்டை நிறையப் பூவும், பெரிய பொட்டும், இரண்டு பக்க மூக்குத்தியுமாக நான் ஈ என்று இளித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த இடத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் செத்தால் முச்சந்தியில் பேனர் வைப்பார்கள். அதே படம் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் போனிலும் முகப்புப் படமாக ஏறிவிடும். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் மாலை போட்ட முகம், கீழே குத்துவிளக்கு. வருஷத் தெவசம் முடிகிறவரை அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் உனக்குத் துக்கம் இல்லை என்று அர்த்தம். இந்தச் சட்டத்தை எங்கள் குடும்பத்தில் காவல் காத்தவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா, பாகூரில் கட்டிக்கொடுத்த இடம். அவர் வீட்டில் இருக்கிற அத்தனை போனிலும் தம்பி படம்தான். குடும்ப குரூப்பில் யார் எதை அனுப்பினாலும் என் வீட்டுக்காரரே அனுப்பினது மாதிரி வரும். செத்துப்போன மனுஷனிடமிருந்து எனக்குத் தினமும் காலை வணக்கம் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள், “பால் வாங்கிட்டியா” என்று கேட்டு அவர் முகத்தோடு மெசேஜ் வந்தது. நாத்தனாரின் மருமகள் வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியதை மாற்றி அனுப்பியிருக்கிறாள். மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன்.

என் தையல் பக்கத்திலும் அந்தப் படம்தான் இருந்தது. கல்யாண ஜாக்கெட் விற்கிற பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி. கேட்டதற்கு நாத்தனார், “அவன் ஆரம்பிச்சதுதான, அவன் படம் இருந்தா இன்னா கொறஞ்சிடும்?” என்றார். சரி, என் முகத்தைப் போடுகிறேன் என்றால் அதற்கும் ஒரு பாட்டு. “வெறும் நெத்திய கல்யாண ஜாக்கெட்டு மேல போட்டா எவ வருவா? கைய மட்டும் எடுத்துப் போடு.” அன்றிலிருந்து என் வீடியோக்களில் இரண்டு கைகள் மட்டும் வந்து போயின. வளையல் இல்லாத கைகள் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று மணிக்கட்டுக்கு மேலே காட்டாமல் விரலையும் ஊசி முனையையும் மட்டும் காட்டுவேன். என் கையைப் பார்த்து நானே பயந்து பிழைப்பு நடத்தினேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு படுபாவி நுழைந்தான். ஆணோ பெண்ணோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பழைய வீடியோவிலிருந்து பூவும் பொட்டுமாக நான் சிரிக்கிற படத்தை வெட்டி எடுத்து, என் கடைப் பெயரிலேயே ஒரு பக்கம் திறந்து, என் ஜாக்கெட் படங்களை எல்லாம் அள்ளிப் போட்டு, ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிட்டான். அட்வான்ஸ் வாங்கிக்கொள்வான், அதோடு சரி. எனக்கு இது தெரியவே தெரியாது. காட்டேரிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா கடைப் பெயரை விசாரித்துக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறி வந்து என் வாசலில் நிற்கிறவரை.

அந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. வெயிலில் வந்ததில் முகமெல்லாம் சிவந்து கிடந்தது. உள்ளே கூட வரவில்லை.

“அட்வான்ஸ் வாங்கிக்கினு, என் பொண்ணு ஜாக்கெட்டுக்குத் துணி வாங்கிக்கக்கூட ஆளு வரலியே? அடுத்த வாரம் முகூர்த்தம். போனு போட்டா எடுக்க மாட்டேன்ற. இன்னா நெனச்சிக்கினு இருக்க நீ?”

நான் பேந்தப் பேந்த முழித்தேன். எந்த ஜாக்கெட், எந்தப் பொண்ணு என்று கேட்டதும் அவருக்கு இன்னும் ஏறிவிட்டது. தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். என் கடைப் பெயர். என் மயில். மேலே என் சிரிப்பு.

“இது என் படம்தாம்மா. ஆனா இந்தப் பக்கம் என்னுது இல்ல. யாரோ திருடியிருக்காங்க.”

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் நெற்றியில் அவர் கண் நின்றது.

“இது நீ இல்ல” என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், கருமாதியில் என் நெற்றியை அழித்தபோது எனக்கு வராத கோபம் அப்போதுதான் வந்தது. அன்றைக்குச் சுற்றிலும் கூட்டம், அழுகை, நான் பாதி மயக்கம். என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை. நாத்தனார் கைதான் குங்குமத்தை வழித்து எடுத்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இப்போது முழு நினைவோடு நிற்கிற என்னைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒருத்தி, இது நீ இல்லை என்கிறாள். அவளைச் சொல்லி என்ன பயன். திருடன் வைத்திருக்கிற முகம்தான் என்னைப் போல இருந்தது. நான் என்னைப் போல இல்லை.

மூலையில் மாலை போட்டிருந்த என் வீட்டுக்காரர் படத்தையும், சட்டத்தில் பாதி போட்டிருந்த அதே மயிலையும் காட்டினேன். மெல்ல மெல்லப் புரிந்தது அந்த அம்மாவுக்கு. புரிந்ததும் அப்படியே படியில் சாய்ந்துவிட்டார். கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட் இல்லை, கொடுத்த காசும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார்.

“நீயே தைப்பியாம்மா, இல்ல ஆளு வெச்சித் தைப்பியா?”

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? “நான்தான் தைப்பேன். என் கைதான் படும். வேணாம்னா இப்ப பஸ்ஸு வர்ற நேரம்தான்” என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. பையைத் திறந்து, புடவையோடு ஒட்டி வந்த ஜாக்கெட் துணியை எடுத்து என் மடியில் வைத்தார். பெரிய வேலை செய்ய நேரம் இல்லை. கழுத்தோரம் மணியும் கையில் ஒரு வரிசை மாங்காயும் போட்டு முடித்துக் கொடுத்தேன். வாங்க வந்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லா இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. போகிறபோது வாசலில் நின்று திட்டிவிட்டுத்தான் போனார்.

“முகத்த போடுறதுக்கு இன்னா கேடு உனக்கு? உன் முகம் அங்க இருந்திருந்தா நான் எதுக்கு ஏமாறப் போறேன்?”

அந்த அம்மா கேட்டது நியாயம். அன்றே பஸ் ஏறி வில்லியனூர் போனேன். அங்கே பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு பாய் மொபைல் கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரருக்குப் பழக்கம், போன் வாங்கினதே அங்கேதான். விஷயத்தைச் சொன்னதும் முதலில் அந்தத் திருட்டுப் பக்கத்தைப் பற்றிக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினார். பதில் சீக்கிரமே வந்தது. அந்தப் பக்கம் எங்கள் விதிகள் எதையும் மீறவில்லை என்று எழுதியிருந்தான். என் முகம், என் பெயர், என் வேலை, எல்லாம் திருட்டு. ஆனால் விதியை மீறவில்லையாம். அந்த விதியை எழுதினவன் வீட்டுப் பெண்கள் படத்தை இப்படிப் போட்டால் தெரியும் அவனுக்கு.

“நீங்க நீல டிக்கு வாங்கிடுங்கக்கா” என்றார் பாய். “நீங்கதான் அசல்னு அவனே ஒத்துக்குனா, அப்பறம் அது போலின்னு அவன் தூக்கித்தான ஆவணும்.”

மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், ஆதார் கார்டு காட்ட வேண்டும், போன் முன்னால் முகத்தைத் திருப்பித் திருப்பி வீடியோ எடுக்க வேண்டும். என் முகத்துக்கு நானே வாடகை கட்ட வேண்டுமா என்று கேட்டேன். பாய் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் போட்டு அனுப்பினார். உடனே திருப்பி அடித்துவிட்டான். முகப்புப் படமும் கார்டும் பொருந்தவில்லை என்று.

பாய் என் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “யக்கா, இங்க அண்ணன் படமில்ல இருக்குது. மாலையும் மீசையுமா பாத்துட்டு, இவருதான் ஜாக்கெட் தைக்கிறவரு, நீங்க யாரோன்னு நெனச்சிருப்பான்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊரெல்லாம் செய்வதைத்தான் நானும் செய்தேன். எங்களைத் தவிர உலகத்தில் வேறு எவள் ஜாக்கெட் கடைக்குப் புருஷனின் கண்ணீர் அஞ்சலியைப் போர்டாக மாட்டுவாள்? கடையிலேயே ஒரு படம் எடுத்தோம். இருக்கிறபடி, வெறும் நெற்றியோடு. அதை முகப்பில் ஏற்றிவிட்டு மறுபடியும் அனுப்பினார்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் நாத்தனாரிடமிருந்து போன்.

“இன்னாடி, அவன் படத்த தூக்கிட்டியாமே. வருஷம் திரும்பல, அதுக்குள்ள இன்னா அவசரம்?”

“பக்கத்த திருடிட்டாங்க அண்ணி. என் மூஞ்சி இருந்தாதான் டிக்கு குடுப்பானாம்.”

“டிக்கு இல்லன்னா சோறு எறங்காதா? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதே ஒரு வேலையாக இருக்கிறது அவருக்கு. திருடன் ஒருத்தன் என் பூ வைத்த படத்தைப் போட்டுக்கொண்டு ஊரையே ஏய்க்கிறான், அதை ஒருத்தரும் கேட்கவில்லை. பாகூரில் நாலு பெண்கள், புருஷன் செத்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பூ வைத்துப் போட்டோ போடுகிறாள் பார் என்று என்னைத்தான் பேசினார்களாம். அதையும் நாத்தனாரே சொன்னார். அது நான் இல்லை அண்ணி, திருட்டுப் பக்கம் என்று சொன்னால், “அது எல்லாருக்குமா தெரியும்?” என்கிறார். நான் போனை வைத்துவிட்டேன். வாயில் நன்றாக வந்தது, பெரியவராயிற்றே என்று விழுங்கினேன்.

இரண்டாவது தடவையும் திருப்பி அடித்தான். உங்கள் அடையாளத்தை எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. அந்த ஒரு வரிதான். என்ன குறை, எது பொருந்தவில்லை, ஒன்றும் சொல்ல மாட்டான். கேட்கலாம் என்றால் அங்கே ஆள் கிடையாது. பாய் என் ஆதார் கார்டை வாங்கி என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கார்டுல பெரிய பொட்டு, ரெண்டு மூக்குத்தி, மொகம் நல்லா பூரிப்பா இருக்குது. இப்ப நீங்க எளச்சும் பூட்டீங்க. மிஷினுக்கு வேற ஆளு மாதிரி தெரியுது போல.”

“அதுக்கு நான் இன்னா பண்றது?”

“ரெண்டு வழிதான். ஒன்னு, ஆதார் சென்டர்ல போயி இப்ப இருக்குற மாதிரி புதுப் படம் எடுத்து மாத்திக்கலாம். இல்லன்னா…” என்று நிறுத்தினார். “இல்லன்னா கார்டுல இருக்குற மாதிரியே ஒரு தடவ வந்து வீடியோ எடுத்துப் பாக்கலாம்.”

அந்தக் கார்டுப் படத்தை எடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் அவர். கேமராவுக்கு முன்னால் நான் உட்கார்ந்ததும் பின்னாலிருந்து என்னவோ கேலி பேசினார். சிரிக்காதம்மா, நேரா பாரு என்று படம் எடுக்கிறவன் அதட்டினான். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கார்டுப் படம் எல்லாருக்கும் பேய் மாதிரி இருக்கும், எனக்கு மட்டும் நன்றாக அமைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் நான் எப்போதோ ராத்திரி முகம் கழுவுகிறபோது எடுத்து ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் இன்னும் வரிசையாக இருக்கின்றன. என் நெற்றியைத் துடைத்தவர்கள் கண்ணாடியைத் துடைக்க மறந்துவிட்டார்கள். இப்போது கார்டும் மிச்சம். அதையும் போய் நானே என் கையால் அழித்துவிட்டு வர வேண்டுமாம். புதுக் கார்டு வாங்கு, அதில் மூளியாக உட்கார், அப்போதுதான் நீ நீயாம். நாத்தனாரைக் கேட்டால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். எதற்குச் செய்ய வேண்டும்? நான் எவன் குடியைக் கெடுத்தேன்? ஒரு மனுஷன் செத்ததற்கு அவன் பெண்டாட்டியின் முகத்தை ஒவ்வொரு இடமாகத் தேடித் தேடி அழித்துக்கொண்டே போவீர்களா? அன்றைக்குத் தனியாக நின்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி யாரோடு சண்டை என்று எட்டிப் பார்த்தாள்.

பீரோவிலிருந்து மூக்குத்திகளை எடுத்தேன். ஓட்டை பாதி தூர்ந்துவிட்டிருந்தது. எண்ணெய் தடவி அழுத்தினால் உயிர் போகிற வலி. ஒரு பக்கம் எப்படியோ நுழைந்தது, மறு பக்கம் ரத்தம் கசிந்துதான் ஏறியது. அப்படியே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வில்லியனூர் பஸ் ஏறினேன். மொபைல் கடைக்குப் பக்கத்திலேயே ஃபேன்ஸி ஸ்டோர். பெரிய பொட்டு ஒரு அட்டை வாங்கினேன். கடைப் பெண் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்காக்கா?” என்றாள். “எனக்குத்தான்” என்றேன். மீதிச் சில்லறையைக் கொடுக்கிறவரை அவள் தலையே தூக்கவில்லை.

பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ஸ்டூலை வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டார். வாடிக்கைக்காரர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். போனின் கருப்புத் திரையில் பார்த்துப் பொட்டை ஒட்டினேன். முகப்புக்கு ஒரு படம் எடுத்தார். பிறகு வீடியோ. இடது பக்கம் திரும்பு என்றது போன், திரும்பினேன். வலது பக்கம் என்றது. மேலே பார் என்றது. சொன்னதற்கெல்லாம் ஆடினேன். மூக்கு விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. என் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து, “வலிக்குதாக்கா?” என்றார். கோபத்தில் வந்தது என்று சொன்னேன், அதுதான் நிஜம்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் பொட்டை எடுத்துவிட்டேன். எடுத்து, தூக்கிப் போட மனம் வராமல் போன் உறையின் முதுகில் ஒட்டிக்கொண்டேன். எவளுக்கும் பயப்பட மாட்டேன் என்று அத்தனை வீராப்புப் பேசினவள், ஊருக்குள் போகிற பஸ்ஸைக் கண்டதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். என் மேலேயே எனக்கு அத்தனை ஆத்திரம்.

டிக் வந்துவிட்டது. ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன், போன் சிணுங்கியது, பார்த்தால் பெயருக்குப் பக்கத்தில் நீலமாக. பாயிடம் சொன்னேன். அவர் அங்கிருந்தே மறுபடி புகார் அனுப்ப, அந்த வாரத்துக்குள் திருட்டுப் பக்கம் காணாமல் போயிற்று. எவன் என்று கண்டுபிடிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை, பக்கத்தை மட்டும் தூக்கினான். காட்டேரிக்குப்பத்து அம்மாவின் காசு போனது போனதுதான். “முகப்புப் படத்த மட்டும் மாத்திடாதீங்கக்கா” என்று பாய் எச்சரித்தார். “மாத்துனா மறுபடியும் மொதல்லேருந்து செக் பண்ணுவான். டிக்கு போனாலும் போயிடும்.”

அதன் பிறகு ஆர்டர் குவிந்தது என்பதுதான் வேடிக்கை. அதே கை, அதே மயில். பொட்டு வைத்த முகத்தையும் டிக்கையும் பார்த்துவிட்டு வந்தார்கள். நேரில் வந்தவர்கள் என் நெற்றியைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறுவார்கள். நானும் வாசலுக்கு வராமல், மிஷினில் குனிந்தபடியே அளவு ஜாக்கெட்டை அங்கே வையுங்கள் என்பேன். போனில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம்.

வருஷத் தெவசம் முடிந்ததும் நாத்தனார் வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. தட்டில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பழம், சந்தனம், குங்குமச் சிமிழ். எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பத்திரிகை வைத்துவிட்டுக் கடைசியில் என் வீட்டுக்கு வந்தார். அங்கே திறந்திருந்த சிமிழை என் வாசலில் மூடிக்கொண்டு உள்ளே வந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து கல்யாணப் பட்டின் ஜாக்கெட் துணியை எடுத்தார். “நல்லா கிராண்டா போட்ருடி. மாப்ள வூட்டுல சொல்லி வெச்சிருக்கேன், எங்க குடும்பத்துலயே நீல டிக்கு வாங்குன டெய்லரு இருக்குது, வெளிய குடுக்கறதே இல்லன்னு.”

“சரி அண்ணி.”

“இன்னொன்னு. அந்தப் படத்த எடுத்துடு. பொட்டும் மூக்குத்தியுமா… சம்பந்தி வூட்டுப் பொம்பளைங்க எல்லாம் பாக்குதுங்க. கல்யாணத்துல உன்ன நேர்ல பாத்தா இன்னா சொல்லும்?”

“எடுத்தா டிக்கு போயிடும் அண்ணி.”

“போனா போவட்டும்.”

“அப்ப சம்பந்தி வூட்டுல எந்த டெய்லர காட்டுவீங்க?”

 துணி அவர் கைக்கும் என் கைக்கும் நடுவில் இருந்தது. எத்தனை மாசத்துக் கோபம், எல்லாம் அங்கேதான் வந்து நின்றது. நான் கத்தவில்லை. போனைத் திருப்பி, உறையின் முதுகில் ஒட்டியிருந்த பொட்டை எடுத்தேன். பசை போய்விட்டிருந்தது, நெற்றியில் நிற்கவில்லை. உள்ளே போய் அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன்.

“நேர்ல பாத்தா இன்னா சொல்லும்னு கேட்டீங்கல்ல. ஒன்னும் சொல்லாது. படத்துல இருக்குற மாதிரியே இருப்பேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவைத்தான் பார்த்தார். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

“உன் இஷ்டத்துக்கு ஆடு” என்றார். துணியைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வாசல்படி இறங்கும்போது திரும்பாமலே, “அளவு ஜாக்கெட்ட நாளைக்கிக் குடுத்து அனுப்பறேன்” என்றார்.

தைத்தேன். முதுகில் மயில் ஜோடி, கை முழுக்க மாங்காய். நாத்தனார் மேல் இருக்கிற கோபத்தை அந்தப் பெண்ணின் ஜாக்கெட்டில் காட்ட முடியுமா? கல்யாணத்துக்குப் பொட்டோடுதான் போனேன். மண்டப வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டின பெண், குங்குமத்தை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாத்தனாரைத் தேடினாள். நானே தொட்டு எடுத்துக்கொண்டேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் என் சொந்தக்காரிகள் ஒருத்தி பாக்கியில்லாமல் வேறு வரிசை பார்த்துக்கொண்டார்கள். என் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. மணமேடையில் என் மயிலைப் பெண் முதுகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதைப் போட்ட என் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, கையில் போனை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தபடி வந்தாள். என்னிடம் வந்து நின்றாள். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

“இது நீங்கதான?” என்றாள்.

“நான்தான்” என்றேன். பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன்.